செவலைக் கோழியும் ஊதிப் பார்க்கும் சந்தையும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் என்றால் என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் இப்போதே உதிரட்டும். மிச்சம் எத்தனை என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம். கழுத்தளவு தண்ணீரில் நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். கொஞ்சம் நடுங்கிக்கொண்டு சொல்வேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு காட்டில் ஒரு சந்தை இருந்தது. காடு முடிந்து ஊர் தொடங்குகிற இடத்தில், ஒரு பெரிய புளியமரத்தடியில் புதன்தோறும் கூடும். காட்டிலிருந்து விலங்குகள் வரும், ஊரிலிருந்து மனிதர்கள் வருவார்கள். யார் எவர் என்று தூரத்திலிருந்து சொல்லிவிட முடியாது. கோழிக்கு விலை பேசும்போது எல்லோருக்கும் ஒரே முகம்தான்.

அங்கே உயிர்க்கோழிக் கடை வைத்திருந்தது சடையாண்டி என்ற நரி. கோழி தின்கிற நரியே கோழி விற்கலாமா என்று கேட்காதீர்கள். வேறு யாருக்கு அந்தத் தொழிலில் அத்தனை அக்கறை இருக்கும்?

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம். கோழி வாங்க வருகிறவர்கள் முதலில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். பிறகு வாலடியில் முகத்தைக் கொண்டுபோய், இறகு விலகும்படி 'உஃப்' என்று ஊதுவார்கள். உள்ளே தோல் மஞ்சளாகத் தெரிந்தால் கொழுப்புள்ள கோழி, சிவந்து தெரிந்தால் ஓடியாடிய கோழி, எலும்பு தெரிந்தால் பேரம் பேச வேண்டிய கோழி. ஊதாமல் கோழி வாங்கியவனுக்கு அந்தப் பக்கத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

ஊதுவதில் பெரிய கை, மன்னிக்கவும், பெரிய வாய், கரடி அண்ணாச்சி. அவர் சுத்த சைவம், தேனும் கிழங்கும்தான் சாப்பாடு. ஆனாலும் கோழிக்குச் சதை இருக்கிறதா இல்லையா என்று அவர் ஊதிச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வாங்குகிறவர்கள் எல்லாரும் கோழியை அவரிடம் நீட்டுவார்கள். அவர் ஊதிவிட்டுக் கண்ணை மூடி, "ம், வறுவலுக்கு ஆகும்" என்பார், அல்லது "இது ரசத்துக்குத்தான் லாயக்கு" என்பார். ஒருநாள் உற்சாக மிகுதியில் அவர் ஊதியதில் ஒரு சேவலின் இறகு மொத்தமும் பறந்துவிட்டது. பாவம், அது இரண்டு றெக்கையாலும் மானத்தை மறைத்துக்கொண்டு புதருக்குள் ஓடியது. இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கடையில் செவலை என்று ஒரு செந்நிறப் பெட்டைக்கோழி இருந்தது. பார்வைக்கு லட்சணம், எடைக்கும் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு புதனும் விற்காமல் கூண்டுக்குத் திரும்பிவிடும். காரணம், ஊத வருகிற வாயைக் கொத்திவிடும். தலைகீழாகத் தொங்கினாலும் வளைந்து வந்து கொத்தும். சந்தையில் பாதிப்பேர் உதட்டில் அதன் கையெழுத்து இருந்தது.

ஒரு புதன்கிழமை விடிகாலையில் நரி கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தது.

"ஏட்டி செவலை, இப்படிக் கொத்தினா உன்னைய யாரு வாங்குவா?"

"வாங்கினா என்ன செய்வாங்க, முதலாளி?"

"குழம்பு வைப்பாங்க."

"வாங்கலன்னா?"

"இன்னைக்கு வித்துப் போகலன்னா ராத்திரி நான் வைப்பேன்."

செவலை யோசித்தது. இரண்டு பக்கமும் குழம்புதான். கொதிக்கிற சட்டிதான் வேறு. எப்படியாவது உயிரோடு அடுத்த புதனைப் பார்க்க வேண்டும், அதற்கடுத்ததையும் பார்க்க வேண்டும். அதற்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் குளத்திலிருந்து பிடித்த வாத்து ஒன்றை, எங்கள் பக்கத்தில் தாரா என்போம், கொண்டுவந்து நரி பக்கத்துக் கூண்டில் தள்ளியது. வடக்கே எங்கேயோ பனி விழுகிற தேசத்திலிருந்து பறந்து வந்த வாத்து. மூக்கு லேசாக ஒழுகியது. மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

"என்ன தாரா, மூக்கு ஒழுகுது?" என்றது செவலை.

"ஒண்ணுமில்ல தாயி, பயண அலுப்பு. எங்க ஊர்ல எல்லாருக்கும் இருக்கும்."

வாத்து தண்ணீர்த் தொட்டியில் அலகை விட்டு அலசியது. பிறகு எச்சம் போட்டது. பிறகு அதே தொட்டியில் பத்துக் கோழிகள் குடித்தன. செவலை மட்டும் தொலைவில் இருந்த ஓட்டைத் தகரத்து மழைத்தண்ணீரைக் குடித்தது. அறிவினால் இல்லை, சண்டைக்காரி என்று நரி அதைத் தனிக்கூண்டில் வைத்திருந்தது.

அடுத்த புதன்கிழமைக்குள் கோழிகளுக்குத் தலை தொங்கிவிட்டது என்று நான் சொன்னால், 'பெரியவரே, செவலையை அதற்குள் நரி குழம்பு வைத்திருக்குமே' என்று நீங்கள் மடக்குவீர்கள். அதனால் உள்ளது உள்ளபடியே சொல்கிறேன். வாத்து வந்தது விடிகாலையில், சந்தை களைகட்டுவது உச்சி சாய்ந்த பிறகு. அதற்குள்ளேயே காரியம் நடந்துவிட்டது. நோய் அத்தனை வேகமாக வருமா என்றால், சந்தை நாளில் எல்லாம் வேகமாகத்தான் நடக்கும்.

மதியத்துக்குள் கொண்டைகள் நீலம் பாரித்தன. கழுத்துகள் துவண்டன. நரி பார்த்தது. தேங்காய் எண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து ஒவ்வொரு கொண்டையிலும் ஒரு தீற்று தீற்றியது. பிறகு கூவத் தொடங்கியது.

"சாது கோழி, சாது கோழி. ஓடாது, கத்தாது, கொத்தாது. குழந்தை மாதிரி மடியிலேயே படுத்துக்கிடும். கறி பஞ்சு மாதிரி வேகும்."

கூட்டம் மொய்த்தது. கரடி அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தூக்கினார்.

செவலைக்குப் பொறுக்கவில்லை. கூண்டுக்குள்ளிருந்து கத்தியது. "அண்ணாச்சி, ஊதாதீங்க. அதுகளுக்குச் சீக்கு. முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீங்க."

அண்ணாச்சிக்கு மகா கோபம் வந்தது. "ஊதாதேன்னு எனக்கே சொல்லுதியா? எங்க அப்பா ஊதினாரு, தாத்தா ஊதினாரு. எங்க தாத்தா ஊதும்போது உங்க வம்சமே முட்டைக்குள்ள இருந்துச்சு."

ஊதினார். ஊதுகிறவன் முதலில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும் அல்லவா? அவர் இழுப்பு பெரிய இழுப்பு. இறகு, தூசி, தும்மல், இன்னும் கண்ணுக்குத் தெரியாத என்னென்னவோ சரசரவென்று உள்ளே போயின.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் சங்கிலிமுத்து. மனுஷர். ஊர் பஸ் ஸ்டாப்பில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர். சால்னாவுக்குக் கோழி எடுக்க வாராவாரம் வருவார். செவலை சொன்னது அவர் காதில் தெளிவாக விழுந்தது.

"என்னவே சடையாண்டி, கோழிக்குச் சீக்காமே?"

"யாரு சொன்னா?"

"கோழியே சொல்லுதுவே."

"அது விலைபோகாத கோழி அண்ணாச்சி. வயித்தெரிச்சல்ல பேசுது."

சங்கிலிமுத்து குரலைத் தாழ்த்தினார். "சீக்குன்னா சீக்கு விலையில தாரும். கொதிக்கிற எண்ணெயில எந்தச் சீக்கு நிக்கப்போவுது?"

கொதிக்கிற எண்ணெயில் நிற்காது, வாஸ்தவம். ஆனால் எண்ணெய் வரைக்கும் போகும் வழியில் அவர் கையிருக்கிறது, மூக்கிருக்கிறது, ஊதுகிற வாயிருக்கிறது. அதை அவர் யோசிக்கவில்லை. பாதி விலை என்றால் முழு யோசனை எதற்கு?

சங்கிலிமுத்துக்குப் பாதி விலை என்று தெரிந்ததும் சந்தையே பாதி விலை கேட்டது. வரிசை புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு, காட்டுக்குள் போய்த் திரும்பி, தன் வாலைத் தானே மிதித்தது. இரண்டு மணி நேரம் முன்பு நோய் என்றால் ஓடியிருக்கக்கூடிய ஓநாய்கூட, "நோய்க்கோழி தீர்ந்துட்டா என்ன செய்ய?" என்று கவலையோடு நின்றது. செவலை உண்மையைச் சொல்லச் சொல்ல வரிசை நீண்டது. கடைசியில் நரியே அதனிடம், "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு தாயி" என்று கேட்டுக்கொண்டது.

சாயங்காலம் எல்லாக் கோழியும் தீர்ந்து செவலையும் வாத்தும் மட்டும் மிஞ்சின. வாத்தை யாரும் கேட்கவில்லை. செவலையை யாரும் தொடவில்லை. நரி சொன்ன சொல் தவறாமல் அடுப்பை மூட்டி, அம்மியில் மசாலா அரைத்தது. அரைத்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு நடுக்கம் கண்டது. கண் எரிந்தது. மிளகாய்க்கு எரிகிறது என்று நினைத்தது. பிறகு வாய் கசந்தது. அன்று இரவு கஞ்சிதான் இறங்கியது, அடுத்த புதன் வரைக்கும் கஞ்சிதான்.

செவலை பிழைத்தது. இப்படித்தான் சில பேருக்கு ஆயுள் எதிராளியின் நாக்கில் இருக்கிறது.

அதற்குள் ஊரும் காடும் என்ன ஆயின என்று கேளுங்கள். கரடி அண்ணாச்சி போட்ட ஒரு தும்மலில் தேன்கூடு ஒன்று அப்படியே பெயர்ந்து அடுத்த தாலுகாவில் போய் விழுந்தது. காட்டில் எல்லாரும், "பனிக்காலம், கரடிக்குச் சளி பிடிக்கும்தான்" என்றார்கள். செத்துப்போன கோழிகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சாவதுதானே கோழியின் வேலை. ஆனால் சங்கிலிமுத்து காய்ச்சலில் விழுந்து, அவர் கடையில் மாவு பிசைகிறவரும் விழுந்ததும் ஊரே எழுந்துகொண்டது.

"மனுஷனுக்கு வந்துட்டுதாமே?"

"அப்ப இது நிஜமான நோய்தான்."

ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு குரங்கு சுற்றி வந்தது. "பொதுமக்களுக்கும் பொதுவிலங்குகளுக்கும் ஓர் அறிவிப்பு. சந்தைக்கு வருவோர் முகக்கவசம் அணிந்து வர வேண்டும்." அறிவித்த குரங்கு வாழைப்பழம் தின்பதற்காகக் கவசத்தை நெற்றியில் மாட்டியிருந்தது.

அடுத்த புதன்கிழமை சந்தையைப் பார்க்க வேண்டுமே. ஒருவர் பாக்கி இல்லாமல் அத்தனை பேரும் கவசம் போட்டிருந்தார்கள். யானைக்குக் கவசம் கட்ட ஒரு வேட்டி முழுசாகப் பிடித்தது. எல்லோரும் கவசத்தோடு ஒழுங்காக வரிசையில் நின்றார்கள், ஒழுங்காக நகர்ந்தார்கள். தன் முறை வந்ததும் கவசத்தைத் தாடைக்கு இறக்கி, கோழியைத் தூக்கி, உஃப் என்று ஊதிப் பார்த்துவிட்டு, மறுபடி ஒழுங்காக மூக்குவரை ஏற்றிக்கொண்டார்கள்.

"கவசத்தோட ஊத முடியாதா?" என்று செவலை கேட்டது.

"ஊதினா காத்து என் மூஞ்சிக்கே வருதே" என்றது ஓநாய்.

அன்றைக்குத்தான் சுகாதார ஆய்வாளர் ஆமையார் வந்து சேர்ந்தார். அவசரம் என்று மேலிடத்தில் சொன்னதால் ஓட்டமாக வந்தாராம். கக்கத்தில் ஒரு பை, பையில் ஒரு அலுமினிய வளையம். கூடவே மண்வெட்டியோடு நாலு பன்றிகள். பன்றிகள் வந்ததும் வராததுமாகப் புளியமரத்துக்கு மேற்கே பெரிய குழி வெட்டத் தொடங்கின.

ஆமையார் ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி விதியை வாசித்தார். சந்தையிலிருந்து ஒரு மாதிரிப் பறவையை எடுக்க வேண்டும். அதைச் சோதித்து விசாரிக்க வேண்டும். நோய் உண்டு என்றால் சந்தையை மூடி, அத்தனை பறவைகளையும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்ட வேண்டும்.

நரியின் கடையில் புதுச்சரக்கு வந்து இறங்கி, வாத்து அலசிய அதே தொட்டியில் குடித்திருந்தது. எல்லாம் குங்குமம் பூசிய சாது கோழிகள். நிமிர்ந்து நின்ற கோழி செவலை ஒன்றுதான். நரி அதைக் காட்டியது.

"சார், இந்தா இதை எடுங்க. நல்ல பேச்சுக்காரி. எது கேட்டாலும் சொல்லும்."

ஆமையார் செவலையைத் தலைகீழாகத் தூக்கினார். கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். ஊதினார். செவலை அவர் மூக்கில் ஒரு போடு போட்டது. ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சுறுசுறுப்பு நன்று. இனி விசாரணை. கோழியே, இந்தச் சந்தையில் நோய் உண்டா இல்லையா?"

சந்தை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. அடக்க முடியாதவர்கள் இருமினார்கள்.

செவலை குழியைப் பார்த்தது. "சார், ஒரு சந்தேகம். உண்டுன்னு சொன்னா, நோய் இல்லாத பறவையை என்ன செய்வீங்க?"

"அதுவும் குழிக்குத்தான். விதியில் பாகுபாடு கிடையாது."

"நானுமா?"

"நீதான் முதலில். மாதிரியாயிற்றே."

"இல்லைன்னு சொன்னா?"

"உன் காலில் அரசாங்க வளையம் மாட்டப்படும். வாராவாரம் உன்னையே சோதிப்போம். வளையமிட்ட கோழியை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது. தீனி நாங்கள் போடுவோம்."

செவலை சுற்றிலும் பார்த்தது. கரடி அண்ணாச்சி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டே, 'வேண்டாம்' என்று கையை ஆட்டினார். சங்கிலிமுத்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இருமி இருமிக் கண்ணில் நீர் வழிய நின்றார். அவரும் ஆட்டினார். செவலைக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்களுக்குத்தானே வந்திருக்கு?" என்று அவரிடம் மெல்லக் கேட்டது.

"வந்தது வந்துட்டு. வர்ற வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கோழி இல்லாம கொடை நடத்துனா ஊரு சிரிக்கும். காய்ச்சல் மூணு நாள்ல போகும், அவமானம் போகுமா?"

பக்கத்துக் கூண்டில் ஒரு புள்ளிக்கோழி கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தது. அது ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"என்ன யோசிக்கே செவலை? குழியோ சட்டியோ, எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ ஒருத்தியாவது இருந்துட்டுப் போ."

அதுவரை உண்மையைத் தவிர வேறு பேசியறியாத செவலை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நோயா? அப்படி ஒண்ணும் இல்லைங்க."

கைதட்டல் வானைப் பிளந்தது. இருமல் அதைவிடப் பலமாகப் பிளந்தது. பன்றிகள் வெட்டிய குழியை வீணாக்க வேண்டாம் என்று கொடைக்கு அடுப்பாக வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை கொடை அமர்க்களமாக நடந்தது. கும்பத்தைச் சுமந்தவர் இருமினார், மேளக்காரர் இருமினார், நாயனக்காரர் ஊத முடியாமல் விரலை மட்டும் ஓட்டினார். மறுநாள் ஊரில் பாதி படுத்துவிட்டது. காட்டில் மீதி படுத்துவிட்டது. வைத்தியத்துக்குப் போனவர்களிடம், "சந்தையில் நோய் இல்லை என்று ஆகிவிட்டதே, இது ராத்திரிப் பனியில் கொடை பார்த்த காய்ச்சல்" என்று சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்டு எல்லோருக்கும் நிம்மதி. பெயர் தெரிந்த காய்ச்சல் பாதி குணமான மாதிரி.

செவலை அரசாங்கத் தீனியில் பளபளவென்று ஆனது. புதன்தோறும் ஆமையார் வருவார். "நோய் உண்டா?" "இல்லைங்க." ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் சோதனை முடிந்துவிடும். நரி அதைச் செவலையம்மா என்று கூப்பிடத் தொடங்கியது. சந்தை வாசலில் 'நோயற்ற சந்தை' என்று பலகை எழுதி, செவலை படத்தை வரைந்து வைத்தார்கள். வெளியூர்க் கூட்டமும் வந்தது.

அந்தப் பலகையைக் கேள்விப்பட்டு, ஆமையாருக்கும் மேலே, அவருக்கும் மேலே இருக்கிற பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். மனுஷர். வரும் வழியில் சங்கிலிமுத்து கடையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, அவர் இருமிய இருமலுக்கு ஆறுதலாக முதுகைத் தட்டிக்கொடுத்து, இரண்டு நாள் பயணியர் விடுதியில் தங்கிவிட்டுத்தான் சந்தைக்கு வந்தார். வந்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே செவலை முன்னால் நின்றார்.

"பலே. உனக்கு மட்டும் நோயே வராததன் ரகசியம் என்ன?"

செவலை உள்ளதைச் சொன்னது. "யாரையும் மூஞ்சிக்கிட்ட விடறதில்லைங்க. வந்தா கொத்திருவேன்."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படிக் கொத்தினால் வியாபாரம் எப்படி நடக்கும்?" என்று சொல்லிக்கொண்டே அதைத் தலைகீழாகத் தூக்கினார்.

செவலை வளைந்து வந்தது. அவர் மூக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. அந்த மூக்கைத் தாண்டி ஆமையார் கைகூப்பி நிற்பது தெரிந்தது, நரி கண்ணால் கெஞ்சுவது தெரிந்தது, தீனி மூட்டை தெரிந்தது, காலில் வளையம் மின்னுவது தெரிந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகச் செவலை அலகை மூடிக்கொண்டு தொங்கியது.

அதிகாரி முதலில் தும்மினார். பிறகு ஊதினார். "அருமையான சதை" என்றார்.

அடுத்த புதன்கிழமை ஆமையார் வந்தபோது செவலையின் கொண்டை நீலமாக இருந்தது. தீனி அப்படியே கிடந்தது.

"கோழியே, நோய் உண்டா?"

"உண்டு சார்" என்றது செவலை, கழுத்தைத் தூக்காமலே. "இப்ப எனக்கே உண்டு."

ஆமையார் வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பெயிண்ட் இன்னும் பளபளத்தது. நரியைப் பார்த்தார். நரி வானத்தைப் பார்த்தது.

"இந்தப் பதிலுக்கு விதியில் இடமில்லையே" என்றார் ஆமையார்.

அன்று சாயங்காலமே செவலை கண்ணை மூடிவிட்டது. யாரும் அதைக் குழம்பு வைக்கவில்லை, அந்த மட்டும் அதன் ஆசை நிறைவேறியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆமையார் குனிந்து, மரியாதையோடு அதன் காலிலிருந்து வளையத்தைக் கழற்றினார். நரி பக்கத்து ஊருக்கு ஓடிப்போய் அதே நிறத்தில், அதே எடையில் இன்னொரு பெட்டையைக் கொண்டுவந்தது. வளையம் அளவெடுத்தது மாதிரி பொருந்தியது.

"கோழியே, இந்தச் சந்தையில் நோய் உண்டா?"

அந்தப் பெட்டை சுற்றுமுற்றும் பார்த்து மிரண்டது. "எனக்கு என்ன சார் தெரியும்? நான் இப்பத்தான் வந்து இறங்குறேன்."

"இல்லை" என்று அறிவித்தார் ஆமையார்.

நீதி: ஊர் முழுக்க மூக்கு ஒழுகினாலும், சோதனைக்கு ஒழுகாத மூக்கு ஒன்று போதும்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் சொன்னது நான்தான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். எனக்கும் புதன்கிழமை ஆனால் கோழி வாங்கியாக வேண்டும். யாராவது வற்புறுத்திக் கேட்டால், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, காற்றில் வந்தது என்று சொல்லிவிடுங்கள். நோயைப் பற்றி விசாரித்தபோது ஆமையாரும் அதைத்தான் சொன்னார், அதற்கு மேல் அவரை யாரும் கேட்கவில்லை.